23 கிராமும் ஒன்றரைக் கிலோவும்

2025 ஏப்ரலில் லண்டனில் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் கானர் பென்னும் குத்துச்சண்டையில் மோதினார்கள். முந்தின நாள் எடை பார்த்தபோது யூபேங்க் 160.05 பவுண்டு. வரம்பு 160. கூடிப்போனது 0.05 பவுண்டு. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், முழுசாக 23 கிராம்கூட வரவில்லை. வாய் கொப்பளிக்க எடுக்கும் தண்ணீர் இதைவிட அதிகம் இருக்கும். அதற்கு அவர் கட்டிய அபராதம் 5 லட்சம் டாலர்.

அந்தச் செய்தியைப் படித்ததும் 'இது என்ன அநியாயம்' என்றுதான் தோன்றியது. அப்புறம், இதே விளையாட்டில் ஒன்றரைக் கிலோ கூடுதலாக வந்து, சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டு, மறுநாள் எதிராளியை உருட்டித் தள்ளிவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். இரண்டு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததை எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரிய பாக்ஸர் எல்லாம் இல்லை. அமெச்சூரில் 48 கிலோ பிரிவில் 11 சண்டை போட்டேன், 6 வெற்றி. இப்போது சாயங்காலங்களில் பையன்கள் குத்திப் பழகக் கையில் பேட் பிடிக்கிறேன், சண்டை நாளில் மூலையில் வாளியும் துண்டுமாக நிற்கிறேன், அவ்வளவுதான். என்னுடைய 12-வது சண்டை நடக்கவே இல்லை. அப்போது எனக்கு 17 வயது. காலை 7 மணிக்குத் தராசில் ஏறினால் 48.2. ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.

மாஸ்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, கையில் கயிறு. வாயில் சூயிங்கம், எச்சில் ஊற ஊறக் காலி பாட்டிலில் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கிப்பிங் போட ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியும் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காதவன் உடம்பில் வியர்ப்பதற்கு என்ன இருக்கும்? தோல் காகிதம் மாதிரி காய்ந்து, தொட்டால் சுட்டது. பாட்டிலின் அடிகூட நனையவில்லை. கூட வந்த பையன் ஒருவன் கத்தரிக்கோலை எடுத்து என் தலைமுடியை ஒட்ட வெட்டினான். மறுபடி ஏறினேன், 48.1. இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடிக்க, ஜட்டியையும் கழற்றிவிட்டு ஏறினேன். 48.1. என் எதிராளி எடை பார்த்து முடித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். 'மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு ஏறுடா' என்று எனக்கு யோசனை சொன்னான். அதையும் செய்து பார்த்தேன். தராசு மசியவில்லை.

அமெச்சூரில் அபராதம் எல்லாம் கிடையாது. எடை கூடினால் எதிராளிக்கு வாக்-ஓவர், அதாவது சண்டை போடாமலே வெற்றி, நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். ரொம்ப வருஷம் அந்த 100 கிராமை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அந்த விதியில் ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. தப்பு என்னுடையது; அதற்காக அந்தப் பையன் ஒரு அடிகூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்றரைக் கிலோ கூடினால் என்ன, அடி அவ்வளவு பலமாகவா விழுந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கிலோ அதிகமாக இருக்கிற ஒரே காரணத்தால் யாரும் ஜெயிப்பதில்லை. ஆனால் எடை இறக்கிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கிலோ எந்தக் கிலோ என்று தெரியும்.

தொழில்முறையில் வழக்கமாக 17 எடைப்பிரிவு இருக்கிறது. அநேகமாக யாருமே தன் இயல்பான எடையில் சண்டை போடுவதில்லை. இரண்டு மாதம் கொழுப்பைக் கரைப்பார்கள். கடைசி வாரத்தில் உப்பையும் மாவுச்சத்தையும் விட்டுவிடுவார்கள். தசையில் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீரத் தீர எடை மளமளவென்று இறங்கும். கடைசி நாள் உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிவார்கள். சுடுதண்ணீர்த் தொட்டி, சானா, உடம்போடு ஒட்டும் பிளாஸ்டிக் உடுப்பு. முதல் இரண்டு மூன்று கிலோ எப்படியோ போய்விடும். உயிரை எடுப்பது கடைசிக் கிலோதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். படுத்தால் நெஞ்சு அடிப்பது காதில் கேட்கும், தூக்கம் வராது. பக்கத்து அறையில் யாரோ குழாயைத் திறந்தால் அந்தச் சத்தத்துக்கே அழுகை வரும்.

வரம்புக்கு ஒன்றரைக் கிலோ மேலேயே 'போதும்' என்று நிறுத்தியவன் இந்த ராத்திரியைத்தான் தாண்டிக் குதித்திருக்கிறான். அவன் முந்தின நாளே தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்துவிட்டான். வரம்பைத் தொட்டவன் தராசிலிருந்து இறங்கின பிறகுதான் முதல் மடக்கைக் குடிக்கிறான். மறுநாள் இருவரையும் ரிங்கில் ஏற்றி, 'வித்தியாசம் ஒன்றரைக் கிலோதானே' என்கிறோம்.

தராசுக்கும் ரிங்குக்கும் நடுவில் ஒரு நாள் கிடைப்பதால் இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு 2000 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த ஆர்ட்டூரோ காட்டி – ஜோயி கமாச்சே சண்டை இருக்கிறது. வரம்பு 141 பவுண்டு. காட்டியை ஒழுங்காக எடை பார்க்கவே இல்லை என்று கமாச்சே தரப்பு அங்கேயே கத்தியது. சண்டை இரவில் தொலைக்காட்சிக்காரர்கள் எடை பார்த்தபோது காட்டி 160, கமாச்சே 145. இரண்டாவது ரவுண்டில் கமாச்சே விழுந்தார். மூளையில் காயம், அத்தோடு அவர் தொழிலே முடிந்தது. சண்டைகளை மேற்பார்வை பார்க்கும் மாநில கமிஷன் மீது வழக்குப் போட்டார். எடை பார்த்ததில் கமிஷன் அலட்சியமாக நடந்துகொண்டது உண்மைதான் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு மட்டும் வரவில்லை.

சரி, இப்போது தண்டனை என்ன? பல இடங்களில் வழக்கம், சம்பளத்தில் 20 சதவீதம் பிடித்துக்கொள்வது. அதில் பாதி எதிராளிக்கும் பாதி கமிஷனுக்கும் போகிற இடங்கள் உண்டு. பெரிய சண்டைகளில் ஒப்பந்தத்திலேயே பவுண்டுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்வார்கள். சாம்பியனே எடை கூடி வந்தால் தராசிலேயே பட்டம் போய்விடும். கேட்க எல்லாம் கண்டிப்பாகத்தான் இருக்கும்.

2009-ல் ஃபிளாய்ட் மேவெதர், ஹுவான் மானுவல் மார்க்கேஸோடு 144 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார். மார்க்கேஸ் அப்போது 135 பவுண்டு பிரிவின் ஆள், மேலே ஏறி வந்தவர். எடை பார்க்கும் நாளில் மார்க்கேஸ் 142, மேவெதர் 146. பவுண்டுக்கு 3 லட்சம் என்று 6 லட்சம் டாலரைக் கட்டிவிட்டு மேவெதர் 12 ரவுண்டும் தன் இஷ்டத்துக்கு ஆடி ஜெயித்தார். அவர் சம்பாதிக்கிற பணத்துக்கு அது சில்லறை. அபராதம் என்று பேர், உண்மையில் அது கட்டணம்.

2024 ஏப்ரலில் ரயான் கார்சியா இன்னும் ஒரு படி மேலே போனார். டெவின் ஹேனியோடு 140 பவுண்டு சண்டை. 143.2-ல், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கூடுதலாக வந்து நின்று, மேடையிலேயே ஒரு பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். பவுண்டுக்கு 5 லட்சம் டாலர் என்று இருவரும் முன்பே பந்தயம் கட்டியிருந்தார்கள், அதனால் மூன்று பவுண்டுக்கு 15 லட்சம் போனது. மறுநாள் ஹேனியை மூன்று முறை தரையில் விழவைத்து, தீர்ப்பில் ஜெயித்தார். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை, சரி. ஆனால் உலகம் பார்த்தது ஹேனி விழுந்து எழுந்ததைத்தான். பிற்பாடு ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி, ஒரு வருஷத் தடை வந்து, அந்த வெற்றி செல்லாது என்றானது. கவனியுங்கள், மருந்துக்காகச் செல்லாமல் போனது. ஒன்றரைக் கிலோவுக்காக யாரும் அந்த வெற்றியைத் தொடவில்லை.

எனக்கு மறக்கவே முடியாதது டியேகோ கொரேல்ஸ் – ஹோசே லூயிஸ் காஸ்டியோ கதை. 2005 மே 7-ந் தேதி லாஸ் வேகாஸில் நடந்த அவர்களுடைய முதல் சண்டையை இன்றைக்கும் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன். 10-வது ரவுண்டில் கொரேல்ஸ் இரண்டு முறை விழுந்து, எழுந்து, அதே ரவுண்டில் காஸ்டியோவை முடித்தார். அக்டோபரில் மறுசண்டை, வரம்பு 135. காஸ்டியோ தராசில் நிற்கும்போது அவர் ஆட்களில் ஒருவர் காலைத் தராசுக்கு அடியில் கொடுத்துத் தாங்கியது பிடிபட்டது. அந்த ஆள் ஒரு டாக்டர்! கடைசியில் எடை 138.5. சண்டை நடந்தது. நாலாவது ரவுண்டில் காஸ்டியோ கொரேல்ஸை நாக்-அவுட் செய்தார். 2006 ஜூனில் மூன்றாவது சண்டைக்கு காஸ்டியோ வந்தது 139.5-ல். இந்த முறை சண்டையே ரத்து. நெவாடா கமிஷன் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டு, அந்த வருஷம் முடியும்வரை காஸ்டியோவைத் தடை செய்தது.

கொரேல்ஸ் பரிதாபத்துக்குரியவர், காஸ்டியோ அயோக்கியர் என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அதே வருஷம் அக்டோபரில் ஹோயல் கசமயோரோடு நடந்த சண்டைக்கு கொரேல்ஸே 135-ஐத் தொட முடியாமல் நாலு பவுண்டு கூடுதலாக வந்தார், பட்டத்தைத் தராசிலேயே விட்டார். உடம்பு ஒரு கட்டத்துக்கு மேல் சொன்ன பேச்சு கேட்காது. எடை கூடி வருகிறவன் எல்லாம் ஏமாற்றுக்காரன் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் அவள் உடம்பு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அதற்கு முந்தின வாரம் அவள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒன்றுதான். இவளையும், முயற்சியே செய்யாமல் வந்து நிற்பவனையும் 20 சதவீதம் என்ற ஒரே கோலால் அடிப்பதில் என்ன நியாயம்?

முயற்சியே செய்யாதவனை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் பயிற்சி எடுக்கும் பையன் ஒருவனுக்கு 126 பவுண்டில், அதாவது 57 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 6 ரவுண்டு சண்டை. தொழில்முறையில் அவனுக்கு அது மூன்றாவது. எடை பார்க்கும்போது 57.1. இறங்கினதும் தரையிலேயே உட்கார்ந்து உப்பு சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு மடக்காகக் குடிக்க ஆரம்பித்தான். எதிராளி ஏறினான், 58.9. இரண்டு மணி நேரம் அவகாசம் என்றார்கள். கயிறு போடுவான், ஓடுவான் என்று நான் வெளியே போய்ப் பார்த்தேன், ஆளைக் காணோம். திரும்பி வரும்போது அவர்கள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பாதி காலி.

சண்டையை ஏற்பாடு செய்தவர்களின் ஆள் ஒருவர் நடைபாதையில் எங்களிடம் வந்தார். நல்ல மரியாதையான ஆள், அதில் குறை சொல்ல முடியாது. 'மாஸ்டர், அவன் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு உங்க பையனுக்கு வந்துரும். வேண்டாம்னு தோணிச்சுன்னா நாங்க வற்புறுத்த மாட்டோம், உங்க உரிமை அது' என்றார். கொஞ்சம் நிறுத்தி, 'ஆனா சண்டை போட்டாத்தானே சம்பளம், அது உங்களுக்கே தெரியும்' என்றார்.

பையன் பாட்டில் மூடியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். அவன் இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவில் இருந்தான். தெரிந்தவர்கள் 40 பேருக்குத் தானே அலைந்து டிக்கெட் விற்றிருந்தான். 'மாஸ்டர்?' என்று என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நீயே சொல்லுடா' என்றேன். 'போட்டுக்கலாம் மாஸ்டர், பரவாயில்ல' என்றான். அவன் வேறு என்ன சொல்வான் என்று நினைத்துக் கேட்டேனோ தெரியவில்லை.

மூன்றாவது ரவுண்டு வரை நன்றாகத்தான் போனது. நாலாவதில் வயிற்றில் ஒன்று வாங்கின பிறகு கால் நகரவில்லை. அதற்கு மேல் இவனிடம் ஒன்றும் மிச்சம் இல்லை, அவனிடம் நிறைய இருந்தது. ஐந்தாவதில் நான் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தினேன். இடது கண் திறக்க நாலு நாள் ஆனது. மறு வாரம் பாக்ஸர்களின் வெற்றி தோல்விப் பதிவில் பார்த்தேன்: தேதி, பெயர், ஐந்தாவது ரவுண்டு, தோல்வி. 58.9 என்று அதில் எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து என் வாதம் இந்த நடைபாதையைச் சுற்றியேதான் ஓடுகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது, அதைச் சொல்ல வசதிதான் இல்லை. வரம்பைத் தொட்டவன் 'சண்டை வேண்டாம்' என்றாலும் அவனுடைய முழுச் சம்பளமும் கைக்கு வர வேண்டும். எடை கூடி வந்தவனிடமிருந்து வர வேண்டும். அவனிடம் இல்லையென்றால் அவனைக் கூட்டி வந்து சண்டையை ஏற்பாடு செய்த புரமோட்டர் கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும். இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன், அவர் சின்ன அளவில் போட்டிகள் நடத்துபவர். 'ரத்தான சண்டைக்கு நான் எங்கிருந்து பணம் எடுப்பேன்?' என்று சண்டைக்கு வந்தார். ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கமிஷனிடம் முன்பணமாகக் கட்டி வைக்கலாமே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்படி இருந்தா நான் ஆள் பிடிக்கும்போதே அவன் இதுக்கு முன்னாடி எத்தனை தடவை எடை தவறியிருக்கான்னு பார்ப்பேன்' என்றார். அதுதானே வேண்டும்!

இரண்டாவது, எவ்வளவு கூடியது என்பதைச் சதவீதத்தில் பார்க்க வேண்டும். யூபேங்க் கூடியது 0.03 சதவீதம். மேவெதர் 1.4. கார்சியா 2.3. காஸ்டியோ முதல் தடவை 2.6. என் பையனின் எதிராளி 3-க்கு மேல். அரை சதவீதத்துக்குள் இருந்தால் சின்ன அபராதம் போதும், அது முழுக்க எதிராளிக்கே போகட்டும், கமிஷனுக்கு அதில் என்ன பங்கு? (அடி வாங்கப் போவது கமிஷன் இல்லையே.) அதற்கு மேல் போனால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, கூடவே ஜெயித்தாலும் அந்த வெற்றி பதிவில் ஏறக் கூடாது. தோற்றால் ஏறட்டும். பணக்காரப் பாக்ஸருக்குப் பணம் வலிக்காது. பதிவில் ஒரு வெற்றி குறைந்தால் வலிக்கும்.

2 சதவீதத்தைத் தாண்டினால் சண்டையே கூடாது, எதிராளி சம்மதித்தாலும் கூடாது. பாக்ஸரிடம் கேட்டால் எப்போதுமே 'பரவாயில்ல'தான். 2018 மார்ச்சில் டோக்கியோவில் ஷின்சுகே யமனகாவிடமும் அப்படித்தான் ஆனது. அவருடைய எதிராளி லூயிஸ் நெரி முதல் தடவை தராசில் ஏறியபோது 55.8 கிலோ, வரம்பு 53.5. அவகாசத்துக்குப் பிறகும் 54.8. நெரியின் பட்டம் பறிபோனது, ஆனாலும் சண்டை நடந்தது, யமனகா இரண்டாவது ரவுண்டில் முடிந்துபோய் ஓய்வு பெற்றார். அதன் பிறகு நெரி ஜப்பானில் சண்டை போடவே தடை விதித்தார்கள். தடையெல்லாம் சரிதான், முந்தின நாளே நிறுத்தியிருந்தால் யமனகா அந்தக் கடைசி அடிகளை வாங்கியிருக்க மாட்டார். 2024-ல் தடை நீங்கி, நெரி டோக்கியோ டோமில் நவோயா இனோவேயோடு பெரிய சண்டையே போட்டார்.

தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் பையன்கள் கடைசி கிராமுக்காக உயிரை விடுவார்கள் என்ற எதிர்வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்துக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். மல்யுத்தம், 50 கிலோ, இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடுதல். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு, முடியையும் வெட்டிப் பார்த்தும் இறங்கவில்லை. விதிப்படி கடைசி இடம். 0.2 சதவீதத்துக்கு எல்லாமே போய்விடும் என்றால் யார்தான் தன்னை வறுத்துக்கொள்ள மாட்டார்கள்? அமெரிக்காவில் 1997-ல் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை இறக்கும்போதே இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அங்கே சானாவையும் ரப்பர் உடுப்பையும் தடை செய்து, உடம்பில் தண்ணீர் போதுமா என்று சிறுநீரைச் சோதித்து, எடை பார்ப்பதைப் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் எடை என்றால் எவனும் அஞ்சு கிலோ தண்ணீரைப் பிழிந்துவிட்டு வர மாட்டான்.

குத்துச்சண்டையிலும் பாதி வழியில் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப், தன் பட்டச் சண்டைகளில் சண்டை நாள் காலையில் இன்னொரு தடவை எடை பார்த்திருக்கிறது. வரம்புக்கு மேல் 10 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதியாக இருந்தது. அதே மாதிரி இன்னொரு அமைப்பான டபிள்யூபிசி 30 நாளுக்கு முன்பும் 7 நாளுக்கு முன்பும் எடை கேட்கிறது. இந்த இரண்டாவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்பே 66 கிலோவில் இருப்பவனை 57-க்கு வா என்று கூப்பிடுவதை அப்போதே நிறுத்திவிடலாம். டிக்கெட் விற்றிருக்காது, லீவு போட்டிருக்க வேண்டியதில்லை, வேறு எதிராளியைத் தேட நேரம் இருக்கும். இரண்டு தடவை எடை தவறியவனுக்கு அடுத்த பிரிவுதான், மூன்றாவது தடவை என்ற பேச்சே கிடையாது. இதையெல்லாம் சின்னச் சண்டைகளுக்குக் கொண்டுவந்தால்தான் உபயோகம். பெரியவர்களுக்கு வக்கீல் இருக்கிறார்.

போன வாரம் பேட் அடித்துக்கொண்டிருக்கும்போது பையன் நடுவில் நிறுத்தினான்.

'மாஸ்டர், அவனுக்கு அஞ்சுல ஒரு பங்குதானே போச்சு?'

'ஆமா.'

'என்னை ஜெயிச்சதுக்கு அப்புறம் அவனுக்கு ரெண்டு சண்டை கிடைச்சிருக்கு. ரெண்டுமே நல்ல சம்பளம்.' கிளவுஸ் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். 'அடுத்த தடவை நானும் ஒரு கிலோவை விட்டுட்டா என்ன மாஸ்டர்?'

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, கணக்குப் போட்டிருந்தான். 'கையை மேல வை' என்று பேடைத் தூக்கினேன். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த சண்டைக்கு 7 வாரம் இருக்கிறது. நேற்றுக் காலை அவன் எடை 61.4.